திசைகோளும் ஆள்கூறும்: பன்னிரண்டு மட்டைகளில் ஒரு பயிற்சி



க.பொ.த. (சா/த) கணித வினாத்தாளில் திசைகோள் வரும் வினாவைக் கண்டதும் "இது வேண்டாம், அடுத்ததைப் பார்ப்போம்" என்று தாளைப் புரட்டுவோர் பலர். ஆனால் அந்த வினாவில் புதிதாக ஒன்றும் இல்லை. நீங்கள் ஏற்கனவே கற்ற பைதகரசின் தேற்றம், சைன், கோசைன், தான்சன், ஆள்கூற்றுத் தளம் ஆகியவையே அதில் ஒன்றுசேர்ந்து வருகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் பழக்கம் இல்லாததுதான் குறை. அப்பழக்கத்தை ஏற்படுத்தும் மட்டைப் பயிற்சி ஒன்றை இப்பாடத்தில் தருகின்றேன். பழைய கொப்பி மட்டையும் ஒரு மணித்தியாலமும் இருந்தால் போதும்.

1. ஓர் இடத்தைச் சொல்ல இரண்டு வழிகள்

ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். எதிரே காரைநகர். இடையிலுள்ள கடலில் கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்டிய இக்கோட்டையை 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, ஹம்மன்ஹீல் என அழைத்தனர். இலங்கையின் வடிவம் அவர்களுக்குப் பன்றித் தொடை போலத் தோன்றியதாம். அதன் குதிக்கால் இருக்கும் இடத்தில் கோட்டை இருப்பதால் அந்தப் பெயர்.

இப்படிக் கடலில் உள்ள ஓர் இடத்தை ஒருவருக்கு எப்படிச் சொல்வீர்கள்?

முதலாம் வழி: "கிழக்கே இவ்வளவு, வடக்கே இவ்வளவு." இது ஆள்கூறு. இறங்குதுறையை உற்பத்தியாகக் கொண்டால் (3, 4) என்பது கிழக்கே 3 கி.மீ., வடக்கே 4 கி.மீ. ஆகும். மேற்கும் தெற்கும் மறை எண்கள்.

இரண்டாம் வழி: "இந்தத் திசையில் இவ்வளவு தூரம்." இது தூரமும் திசைகோளும். திசைகோள் என்பது வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளக்கப்படும் கோணம். அதை எப்போதும் மூன்று இலக்கங்களில் எழுத வேண்டும். வடக்கு 000°, கிழக்கு 090°, தெற்கு 180°, மேற்கு 270°.

இரண்டாம் வழியில் தூரம், திசைகோள் ஆகிய இரண்டும் கட்டாயம் தேவை. தீவகப் படத்தை எடுத்து ஊர்காவற்றுறையிலிருந்து நயினாதீவின் நடுப்பகுதிக்கு ஒரு நேர்கோடு வரைந்து நீட்டிப் பாருங்கள். கோடு நெடுந்தீவையும் அடையும். இரண்டு தீவுகளும் ஊர்காவற்றுறைக்கு ஏறத்தாழத் தென்மேற்கே, அதாவது 225° அளவில் உள்ளன. நெடுந்தீவு ஏறக்குறைய இரு மடங்கு தூரத்தில் உள்ளது. திசையை மட்டும் சொன்னால் எந்தத் தீவு என்று தெரியாது. (இது படத்தில் வரையும் நேர்கோடு. படகுகள் குறிகாட்டுவானிலிருந்தே இவ்விரு தீவுகளுக்கும் செல்கின்றன.)

திசைகோளில் சிறு பிழை விட்டால் என்ன நடக்கும்? 5° தவறான திசையில் 10 கி.மீ. சென்ற வள்ளம், சேர வேண்டிய இடத்திலிருந்து ஏறத்தாழ 870 மீற்றர் விலகி நிற்கும். இன்று பல வள்ளங்களில் ஜி.பி.எஸ். கருவி உண்டு. அக்கருவியும் போக வேண்டிய இடத்துக்குரிய தூரத்தையும் திசைகோளையுமே காட்டுகின்றது.

2. மாற்றும் முறை

உதாரணம் 1: இறங்குதுறையிலிருந்து 10 கி.மீ. தூரத்தில், 127° திசைகோளில் உள்ள இடத்தின் ஆள்கூறு யாது?

தீர்வு: 127° என்பது 090° இற்கும் 180° இற்கும் இடையில் உள்ளது. ஆகவே இடம் தென்கிழக்கில் உள்ளது. கிழக்கு நேர், தெற்கு மறை.
தெற்குக் கோட்டுடன் ஆக்கும் கோணம் = 180° − 127° = 53°
கிழக்குத் தூரம் = 10 × சைன் 53° = 10 × 0.7986 = 8.0
தெற்குத் தூரம் = 10 × கோசைன் 53° = 10 × 0.6018 = 6.0
ஆள்கூறு (8, −6).

உதாரணம் 2: (−5, 12) இல் உள்ள இடத்தின் தூரமும் திசைகோளும் யாவை?

தீர்வு: மேற்கே 5, வடக்கே 12. ஆகவே இடம் வடமேற்கில் உள்ளது.
தூரம் = √(25 + 144) = √169 = 13 கி.மீ.
வடக்குக் கோட்டுடன் ஆக்கும் கோணத்தின் தான்சன் = 5 ÷ 12 = 0.4167. அட்டவணைப்படி கோணம் 22° 37′, கிட்டிய பாகைக்கு 23°.
திசைகோள் = 360° − 23° = 337°.

கவனிக்க: முதலில் பரும்படிப் படம் வரையுங்கள். எந்தத் திசைகளுக்கு இடையில் என்பதைத் தீர்மானித்த பின்னரே அட்டவணையைத் தொடுங்கள்.

3. பன்னிரண்டு இடங்கள்

உயிரெழுத்துகள் பன்னிரண்டையும் பெயராக வைத்துப் பன்னிரண்டு இடங்களைத் தெரிவு செய்துள்ளேன். இவை பயிற்சிக்காக எடுத்த எண்களே. கடலில் உள்ள உண்மையான இடங்கள் அல்ல.

அ: 5 கி.மீ., 000° — (0, 5)
ஆ: 5 கி.மீ., 037° — (3, 4)
இ: 5 கி.மீ., 053° — (4, 3)
ஈ: 10 கி.மீ., 090° — (10, 0)
உ: 10 கி.மீ., 127° — (8, −6)
ஊ: 10 கி.மீ., 143° — (6, −8)
எ: 10 கி.மீ., 180° — (0, −10)
ஏ: 8 கி.மீ., 210° — (−4, −6.9)
ஐ: 8 கி.மீ., 240° — (−6.9, −4)
ஒ: 5 கி.மீ., 270° — (−5, 0)
ஓ: 13 கி.மீ., 293° — (−12, 5)
ஔ: 13 கி.மீ., 337° — (−5, 12)

திசைகோள்கள் கிட்டிய பாகைக்குத் தரப்பட்டுள்ளன. ஆகவே உங்கள் கணிப்பு 0.1 அளவில் வேறுபடலாம். அது பிழையன்று.

பட்டியலை உற்றுப் பாருங்கள். ஆ–இ, உ–ஊ, ஏ–ஐ, ஓ–ஔ ஆகிய நான்கு சோடிகளும் இரட்டைப் பிள்ளைகள் போன்றவை. தூரம் ஒன்றே. எண்களும் அவையே, இடம் மட்டும் மாறியுள்ளன. சைனையும் கோசைனையும் மாறிப் போட்டால் ஒன்றுக்குப் பதிலாக மற்றது வரும். பரீட்சையில் அதிகமாக நடக்கும் பிழை இதுவே என்பதால் வேண்டுமென்றே இவற்றைச் சேர்த்துள்ளேன்.

4. மட்டைகள் செய்தல்

தேவையானவை: பழைய கொப்பி மட்டை, அடிமட்டம், கத்தரிக்கோல், பேனை.

10 சென்ரிமீற்றர் நீளமும் 5 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள 12 துண்டுகளை வெட்டுங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கோடு இட்டு இரு பாதிகளாக்குங்கள். இடது பாதியில் ஓர் இடத்தின் ஆள்கூறு. வலது பாதியில் வேறோர் இடத்தின் தூரமும் திசைகோளும். கீழே உள்ளவாறு எழுதுங்கள். எழுத்தை மட்டையின் பின்புறத்தில் பென்சிலால் குறியுங்கள்.

ஆ: (3, 4) | 10 கி.மீ., 127°
உ: (8, −6) | 5 கி.மீ., 270°
ஒ: (−5, 0) | 10 கி.மீ., 143°
ஊ: (6, −8) | 10 கி.மீ., 180°
எ: (0, −10) | 5 கி.மீ., 053°
இ: (4, 3) | 8 கி.மீ., 210°
ஏ: (−4, −6.9) | 5 கி.மீ., 000°
அ: (0, 5) | 8 கி.மீ., 240°
ஐ: (−6.9, −4) | 13 கி.மீ., 293°
ஓ: (−12, 5) | 10 கி.மீ., 090°
ஈ: (10, 0) | 13 கி.மீ., 337°
ஔ: (−5, 12) | 5 கி.மீ., 037°

5. விளையாடும் முறை

மட்டைகளை நன்றாகக் கலக்குங்கள். ஒரு மட்டையை வைத்து, அதன் வலது பாதியில் உள்ள தூரத்துக்கும் திசைகோளுக்கும் உரிய ஆள்கூற்றைக் கொண்ட மட்டையைத் தேடி அருகில் வையுங்கள். பின் அதன் வலது பாதிக்குரியதைத் தேடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் பன்னிரண்டாவது மட்டை முதலாவதுடன் சேர்ந்து ஒரே வளையமாகும். தனியாகவும் செய்யலாம். நால்வர் ஆளுக்கு மூன்று மட்டைகளாக எடுத்தும் செய்யலாம்.

தேடும்போது மூன்று படிகளைப் பின்பற்றுங்கள்.

(i) தூரம்: 10 கி.மீ. எனில் இரு எண்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 100 ஆக இருக்க வேண்டும். பன்னிரண்டில் நான்குதான் மிஞ்சும்.

(ii) திசை: 143° தென்கிழக்கு. ஆகவே முதலாம் எண் நேர், இரண்டாம் எண் மறை. இப்போது இரண்டுதான் மிஞ்சும்: (8, −6), (6, −8).

(iii) இரட்டைகளில் ஒன்று: இதற்கு அட்டவணையே வேண்டாம். திசைகோள் வடக்கு–தெற்குக் கோட்டை நெருங்கி இருந்தால் இரண்டாம் எண் பெரியது (குறியை விட்டுப் பார்க்க). கிழக்கு–மேற்குக் கோட்டை நெருங்கி இருந்தால் முதலாம் எண் பெரியது. 143° தெற்கிலிருந்து 37° மட்டுமே விலகியுள்ளது. ஆகவே (6, −8). எல்லை 45°.

இம்மூன்று படிகளும் பரீட்சை மண்டபத்தில் உங்கள் விடையைச் சரிபார்க்கவும் உதவும். அட்டவணையில் தவறான நிரலைப் பார்த்திருந்தால் மூன்றாம் படி உடனே காட்டிக் கொடுத்துவிடும்.

6. வளையம் இரண்டானால்

சில வேளைகளில் ஒரு பெரிய வளையத்துக்குப் பதிலாக இரண்டு சிறிய வளையங்கள் வரும். அப்போது எங்கோ ஓர் இரட்டைச் சோடி மாறியுள்ளது என்று பொருள். உதாரணமாக, ஆ, இ இரண்டையும் மாற்றிப் பொருத்தினால் ஆ–உ–ஒ–ஊ–எ என ஐந்து மட்டைகள் ஒரு வளையமாகவும், எஞ்சிய ஏழும் மற்றொரு வளையமாகவும் மூடிக்கொள்ளும். செய்து பாருங்கள்.

இம்மட்டைத் தொகுதியில் இரண்டு சோடிகள் மாறினால் மூன்று வளையங்கள். நான்கும் மாறினால் ஐந்து வளையங்கள். வளையங்களின் எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது மாறிய சோடிகளின் எண்ணிக்கை.

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் கலைப் பட்டதாரி. கணிதம் கற்பிக்கத் தொடங்கிய காலத்தில் ஒவ்வொரு பாடத்தையும் முதல் நாள் இரவு நானும் படித்துவிட்டே வகுப்புக்குப் போவேன். முதன்முதல் இம்மட்டைகளைச் செய்தபோது 210°, 240° ஆகிய இரண்டின் ஆள்கூறுகளையும் மாறி எழுதிவிட்டேன். எனக்குத் தெரியாது. வகுப்பில் ஒவ்வொரு குழுவுக்கும் பத்து மட்டைகள் ஒரு வளையமாகவும், இரண்டு மட்டைகள் தனியாகவும் வந்தன. "திருப்பிச் செய்யுங்கோ" என்றேன். சரியாகச் செய்திருந்த பிள்ளைகள் கொப்பியில் இருந்த சரியான விடைகளை அழித்தார்கள். சிலர் ஒரே வளையமாக வரவேண்டும் என்பதற்காக 210° இற்கு (−6.9, −4) என எழுதியும் விட்டார்கள். ரீச்சர் தந்த மட்டை பிழையாக இருக்காது என்ற எண்ணந்தான்.

அரை மணித்தியாலம் கழிந்த பின் பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து, "ரீச்சர், 210° தெற்குப் பக்கம்தானே கிட்ட. அப்ப தெற்கு எண்தானே பெருசாய் வரவேணும்? நாங்கள் சரி. மட்டைதான் பிழை" என்றாள். நான் கரும்பலகையில் செய்து பார்த்தேன். அவள் சொன்னதே சரி.

அன்று நான் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்கின்றேன். விடை பொருந்தவில்லை என்பதற்காகச் சரியான செய்கையை அழிக்காதீர்கள். வேறொரு வழியில் சரிபாருங்கள். இரண்டு வழிகளும் ஒரே விடையைத் தந்தால், அச்சிட்ட விடையிலும் பிழை இருக்கலாம்; ஆசிரியர் எழுதியதிலும் இருக்கலாம். தயங்காமல் கேளுங்கள். இந்நூலுக்கும் அது பொருந்தும்.

7. நீங்களே ஆக்குங்கள்

பிறர் செய்த மட்டைகளைப் பொருத்துவதைவிடச் சொந்தமாக ஆக்குவதில் பயன் அதிகம். எங்கே பிழை வரும் என்று யோசித்தால்தான் இரட்டைகளை ஆக்க முடியும்.

(i) எட்டு இடங்களைத் தெரிவு செய்யுங்கள். அவற்றுள் குறைந்தது இரண்டு இரட்டைச் சோடிகள் இருக்கட்டும். எல்லாத் திசைகளும் வரட்டும்.

(ii) ஒவ்வொன்றையும் இரு வழியிலும் கணியுங்கள். திசைகோளிலிருந்து ஆள்கூறு, பின் ஆள்கூற்றிலிருந்து திசைகோள். தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வந்தால்தான் மட்டையில் எழுதலாம். நான் முதன்முறை செய்யாமல் விட்டது இதைத்தான்.

(iii) எட்டு எழுத்துகளையும் ஒரு வட்டத்தைச் சுற்றி எழுதி, இரட்டைகளைக் கோட்டினால் இணையுங்கள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. வெட்டினால் இரண்டு பிழைகள் சேர்ந்து ஒன்றையொன்று மறைத்து, ஒரே வளையம் வந்துவிடலாம். பிழை இருந்தும் சரி என்று ஏமாறுவோம்.

(iv) வட்டத்தில் உள்ள ஒழுங்கில் மட்டைகளை எழுதி, கலந்து, நண்பரிடம் கொடுங்கள்.

8. புள்ளிகள் இழக்கப்படும் இடங்கள்

• பாகைமானியைக் கிழக்கிலிருந்து வைத்து அளத்தல். திசைகோள் வடக்கிலிருந்து, வலஞ்சுழியாக.
• 037° ஐ 37° என எழுதுதல்.
• எங்கிருந்து எங்கே என்பதைக் கவனியாது விடுதல். ஊர்காவற்றுறையிலிருந்து நயினாதீவு ஏறத்தாழ 225° எனில், நயினாதீவிலிருந்து ஊர்காவற்றுறை 225° − 180° = 045°. திசைகோள் 180° இலும் குறைவாயின் 180° ஐக் கூட்ட வேண்டும். "இலிருந்து" என்ற சொல்லின் கீழ்க் கோடிடுங்கள்.
• மேற்குக்கும் தெற்குக்கும் மறைக் குறி இடாமை.

9. உயர்தரத்தில் கணிதம் கற்க விரும்புவோருக்கு

இப்பகுதி சாதாரண தரப் பரீட்சைக்கு உரியதன்று. ஆனால் இந்த மட்டைகளை மீண்டும் சந்திப்பீர்கள் என்பதால் சொல்கின்றேன்.

உயர்தரத்தில் தூரத்தையும் கோணத்தையும் முனைவாள்கூறுகள் என்பர். அங்கே கோணம் கிழக்கிலிருந்து இடஞ்சுழியாக அளக்கப்படும். மாற்றுவது எளிது: 90° இலிருந்து திசைகோளைக் கழியுங்கள். விடை மறையாக வந்தால் 360° ஐக் கூட்டுங்கள். 037° ஆனது 53° ஆகும். 127° ஆனது −37°, அதாவது 323° ஆகும்.

சிக்கலெண்களும் இத்தளத்திலேயே குறிக்கப்படுகின்றன. வர்க்கம் −1 ஆக உள்ள கற்பனை அலகைக் கொண்டு, (3, 4) என்பதை மெய்ப்பகுதி 3 உம் கற்பனைப் பகுதி 4 உம் உடைய ஒரே எண்ணாகக் கொள்வர். தூரம் 5 அதன் மட்டு. கோணம் 53° அதன் வீசல். அந்த எண்ணைக் கற்பனை அலகால் பெருக்கினால் (−4, 3) வரும். தூரம் மாறாது, இடம் இடஞ்சுழியாக 90° திரும்பிவிடும். திசைகோள் 037° இலிருந்து 307° ஆகும்.

சிக்கலெண்ணை இவ்வாறு தூரமும் திசையும் உடையதாகக் காட்டும் கட்டுரையை முதலில் முன்வைத்தவர் கஸ்பார் வெசல். 1797 இல் டென்மார்க்கின் அரச விஞ்ஞானக் கழகத்தில் அதைச் சமர்ப்பித்தார். அவரது தொழில் நில அளவை. நிலத்தில் தூரத்தையும் கோணத்தையும் அளந்தவருக்கே இது முதலில் புலப்பட்டது. 1806 இல் ஆகண் என்பவரும் தனியாக இதைக் கண்டார். உயர்தரத்தில் வரும் ஆகண் வரிப்படம் அவர் பெயரால் அமைந்தது.

பயிற்சி

1. 10 கி.மீ., 217° இல் உள்ள இடத்தின் ஆள்கூறு யாது?
2. (−8, 6) இன் தூரமும் திசைகோளும் யாவை?
3. இறங்குதுறையிலிருந்து 5 கி.மீ., 053° இல் ஒரு வள்ளம் நிற்கின்றது. வள்ளத்திலிருந்து இறங்குதுறையின் திசைகோள் யாது?
4. பட்டியலில் உள்ள அ இலிருந்து ஈ இற்கு நேராகச் செல்லும் வள்ளம் செல்லும் தூரத்தையும் திசைகோளையும் காண்க.
5. உங்கள் நண்பருக்கு இப்பாடத்தின் மட்டைகளில் நான்கு வளையங்கள் வந்தன. இரட்டைகளை மாத்திரமே மாற்றியிருப்பார் எனின், எத்தனை சோடிகள் மாறியுள்ளன?

விடைகள்: 1. (−6, −8). 2. 10 கி.மீ., 307°. 3. 233°. 4. 11.2 கி.மீ., 117°. 5. மூன்று.

விடைகளைப் பார்க்க முன் செய்து பாருங்கள். பார்த்த பின்னும் ஒருமுறை வேறு வழியில் சரிபாருங்கள். பரீட்சையில் சிறப்பாகச் சித்தியடைய வாழ்த்துகின்றேன்.